மதினிக்குப் போட்ட லீவு

அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று சோழபுரத்திலிருந்து ஆள் வந்ததுமே சௌந்தரபாண்டியன் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டான். மனைவி பரிபூரணத்திடம், "ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு லேடி டாக்டர் இருக்காகளாம். அக்காவைக் கூட்டிட்டுப் போறேன், நீயும் வா. பொம்பள சமாச்சாரம், உள்ள நீதான் கூட இருக்கணும்" என்றான்.

பரிபூரணத்துக்கு வயிறு எரிந்தது. ஒரு வருஷமாக அவளுக்கும் இதே பாடுதான். மாதவிலக்கு ஒரு மாதம் வராது. அடுத்த மாதம் பத்து நாள் கொட்டித் தீர்க்கும். பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து சூடு ஏறி ரவிக்கை நனைந்துவிடும். அதை அவனிடம் சொன்னபோது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நாப்பத்தாறு வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றான். அக்கா ஆவுடையம்மாளுக்கு நாற்பத்தொன்பது. அவளுக்கு மட்டும் வயசே ஆகவில்லை போலும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அக்காவுக்கு இளநீர் வெட்டச் சொன்னான்.

"ஒனக்கு வேணுமா?"

"வேண்டாம்" என்றாள் பரிபூரணம். அவன் மறுபடி கேட்கவில்லை. மதினியின் தொண்டையில் இளநீர் இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் முன்னால் ஆவுடையம்மாள் வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. "நீங்களாவது சொல்லுங்கம்மா" என்று டாக்டர் பரிபூரணத்தைப் பார்த்தார்.

அவள் சொன்னாள். சூடு ஏறுவதை, தூக்கம் கெடுவதை, ஒன்றுமில்லாததுக்குக் கோபம் வந்து பிறகு அழுகை முட்டுவதை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை.

ஆவுடையம்மாள் திரும்பினாள். "ஏட்டி, எங்க வீட்ல மாடியே கெடையாதே. நீ யாரைச் சொல்லுத?"

"என்னையத்தான் மதினி. ஒங்களுக்குன்னா ஒங்க தம்பி லீவு போடுதாரு. எனக்குன்னா வயசாயிட்டுங்காரு."

டாக்டர் எழுந்து வந்து அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லையேம்மா! மாதவிலக்கு முழுசா நிக்கிறதுக்கு முன்னால சில வருஷம் உடம்பு இப்படித் தாறுமாறாத்தான் இருக்கும். அது நோய் இல்ல. ஆனா இப்படிக் கொட்டினா பொறுத்துக்கிட்டு இருக்கக் கூடாது. டெஸ்ட் எடுக்கணும்" என்றார். ஆவுடையம்மாளையும் விசாரித்துப் பார்த்துவிட்டு இருவருக்கும் மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் ஆவுடையம்மாள் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, என்னய விட ஒம் பொண்டாட்டிக்குத்தான் ஒடம்பு மோசமாக் கெடக்கு. அடுத்த வாரம் டெஸ்டுக்கு நீயே கூட்டிட்டு வா."

"சரிக்கா" என்றான் சௌந்தரபாண்டியன். பரிபூரணத்தை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு முகமில்லை.

கூட்டிக்கொண்டும் போனான். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டெஸ்டில் தெரிந்தது. மூன்று மாத மாத்திரையில் ரத்தப்போக்கு கட்டுக்குள் வந்தது. சூடு மட்டும் அவ்வப்போது ஏறியது. இன்னதென்று தெரிந்துவிட்டதால் அவள் பதறவில்லை. கம்பெனியில் பக்கத்தில் உட்காரும் பெத்தம்மாளும் அதே தொல்லையைச் சொன்னபோது, டாக்டர் வீட்டுக்கு வழி சொன்னாள்.

"ஒங்க வீட்டுக்காரருதான் கூட்டிட்டுப் போனாரா? கொடுத்துவச்சவ நீ" என்றாள் பெத்தம்மாள்.

"அவுக அக்கா சொன்னாக, கூட்டிட்டுப் போனாரு" என்று சொல்லிவிட்டு, பரிபூரணம் துணியை வெடுக்கென்று உதறி மடித்தாள்.