இருபத்தைந்தாம் அட்டை

…அதில் என்ன அதிசயம், எந்தப் பக்கம் கை அதிகம் போகிறதோ அந்தப் பக்கம்தானே தேயும். ஸ்கோர் போர்டின் வலது பக்கம், எதிராளிகளின் பக்கம், இருபதுக்கு மேலே எந்த அட்டையை எடுத்தாலும் மூலை மடங்கி, விரல் பட்ட இடம் கறுத்து, பாவம், படாத பாடு பட்டுத் தொங்குகிறது. இடது பக்கம், அதுதான் நம்ம பிள்ளைகளின் பக்கம், பதினெட்டைத் தாண்டினால் போதும், வாங்கி வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளப்பு. கண்ணாடிக்கடைக்காரி வாலிபால் கோர்ட்டைப் பார்க்காமல் அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்குக்கண்ணாடியின் குட்டித் திருகாணியைக் கண்ணால் தேடியே பழகியவளுக்கு இதெல்லாம்தான் முதலில் படும். பத்தொன்பது வருஷம், சனிக்கிழமை மதியமானால் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து அட்டை திருப்புகிறாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை, படித்த கல்லூரி, ஆடிய டீம்… ஆடிய என்றால், மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்த டீம், ஒரே ஒரு நாள் நாலு நிமிஷம் உள்ளே இறக்கினார்கள், அந்த நாலு நிமிஷமும் பந்து இவள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதும் தோற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான் போனது, முதல் செட் பன்னிரண்டு, இரண்டாவது செட் பதினாறு, அவ்வளவுதான் இவர்கள் எடுத்தது, இன்னும் ஒரு செட் போனால் ஆட்டம் முடிந்தது, ஆட்டம் மட்டுமா, டீமே முடிந்தது. நான் வந்து மூணு வருஷம் ஆச்சு, ஒரு செட்கூட எடுக்கல, இந்த வருஷமும் எடுக்கலேன்னா கலைச்சிடலாம், வண்டி நிறுத்தவாவது இடம் கிடைக்கும் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டாராம், பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் கண்ணாடி மாற்ற வந்தபோது அதைச் சொல்லிவிட்டு, எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசிக்கச் சொன்னால் முதல் வரியையே வாசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயிக்க வேண்டாம், ஒரே ஒரு செட். வருஷத்தின் கடைசி ஆட்டம் இது. காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி வீட்டுக்காரர் கேட்டார், "இன்னையோட உன் விரதம் முடிஞ்சிடும்ல? அடுத்த சனிக்கிழமை எங்கயாவது போகலாமா?" விரதமாம். கிண்டல்தான், ஆனால் கேட்டதில் கொஞ்சம் ஆசையும் இருந்தது, அதனால் அவருடைய டிபன் பாக்ஸில் இன்னொரு இட்லியை வைத்து மூடினாள். கல்யாணமான புதிதில் ஒரு தடவை கூடவே வந்தார், முழுசாகப் பார்த்துவிட்டு, ஏம்மா, ஜெயிக்கிற பக்கம் நின்னா உனக்கு ஜுரம் வந்துடுமா என்று கேட்டார், சிரித்தாள்.

விசில். மூன்றாவது செட், பத்தொன்பது, பதினெட்டு. இரு, இது என்ன, இடது பக்கமா பத்தொன்பது? ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிடுகிற நெட்டைப் பெண் வலைக்கு மேலே எழுந்து அடித்திருக்கிறாள், இறங்கியவள் தன் கையைத் தானே பார்த்துக்கொள்கிறாள், நம்ப முடியவில்லை போலிருக்கிறது, நம்பாதே அம்மா நம்பாதே, நம்பினால்தான் வம்பு. இப்படித்தான் போன வருஷம் இருபது வரை போய்… அடக் கடவுளே, இருபது. இருபத்தொன்று. அவர்களும் விடவில்லை, இருபத்தொன்று. மாஸ்டர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நிற்கிறார், மனுஷனுக்கு வயசு ஐம்பத்தெட்டு. குட்டைக் கேப்டன் தோற்கும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்துவாள், இப்போது வாயே திறக்கவில்லை, மற்ற பெண்களும் கப்சிப், ஜெயிக்கும்போது என்ன கத்த வேண்டும் என்று யாருக்குத் தெரியும், யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கண்ணாடிக்கடைக்காரிக்கு உள்ளங்கை வியர்த்தது. இது என்ன கூத்து, பத்தொன்பது வருஷத்தில் இந்த மேசைக்குப் பின்னால் ஒருநாள்கூட வியர்த்ததில்லை. தோற்கிற ஆட்டத்தில் ஒரு நிம்மதி உண்டு, முடிவு தெரியும், முடிந்ததும் பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்து, பரவாயில்லடி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம் என்று சொல்லத் தெரியும், அண்ணன் கோபித்துக்கொண்டு பேச்சை விட்ட வருஷமும் சரி, கர்ப்பம் கலைந்த வருஷமும் சரி, இங்கே வந்து நின்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், ஏன் முகம் இப்படி இருக்கு என்று கேட்கமாட்டார்கள், இங்கே எல்லோர் முகமும் அப்படித்தானே இருக்கும்.

இருபத்துநாலு, இருபத்துமூன்று. இடது பக்கம் இருபத்துநாலு. இன்னும் ஒரே ஒரு பாயிண்ட், இருபத்தைந்து ஆனால் செட் நமக்கு. கேப்டன் சர்வீஸ் போட்டாள், பந்து போனது, வந்தது, போனது, எதிர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி விழுந்து எடுத்தாள், திரும்ப வந்தது, ஒட்டடைக்குச்சி எழுந்தாள், அடித்தாள், பந்து கோட்டுக்கு உள்ளே, நன்றாக உள்ளே, சுண்ணாம்பு தெறித்ததை இவளே பார்த்தாள், ரெஃப்ரியின் கை இடது பக்கம் நீண்டது, விசில் கேட்டது, கண்ணாடிக்கடைக்காரியின் கை போய் வலது பக்கத்து அட்டையைத் திருப்பியது.

இருபத்துநாலு, இருபத்துநாலு. குதிக்கப் போன பெண்கள் போர்டைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு… ஒருத்தியாவது சண்டைக்கு வர வேண்டாமா, பந்து உள்ளேதானே விழுந்தது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, ரெஃப்ரியின் கை இன்னும் இவர்கள் பக்கம்தான் நீண்டிருக்கிறது, அதை ஒருத்தியும் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு அவரவர் இடத்துக்குப் போய் நிற்கிறார்கள். மாஸ்டர்கூட கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். எல்லோருமே நம்பிவிட்டார்கள்! பாவி, என்ன காரியம் செய்தாய்?

"போர்டு! அம்மா, போர்டைப் பாத்துப் போடுங்க!" என்று ரெஃப்ரி ஏணி மேலிருந்து கத்தினார். "பாயிண்ட் அவங்களுக்கு இல்ல, இவங்களுக்கு!"

வலது பக்கத்தைப் பழையபடி இருபத்துமூன்றாக்கினாள். இடது பக்கத்து இருபத்துநாலைத் திருப்பப் போனால் வரவில்லை, பின்னாலிருந்த இருபத்தைந்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது, எத்தனை கோடை வெயில், யாரும் பிரிக்கவே இல்லையே. கைப்பையைத் துழாவி, கண்ணாடி முடுக்குகிற சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நடுவில் விட்டு நெம்பினாள், பட்டென்று பிரிந்தது. இருபத்தைந்து. புது பிளாஸ்டிக் வாசனை வந்தது, பத்தொன்பது வருஷம் கழித்து.

அப்புறம் ஒரே சத்தம், ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள், மாஸ்டர் அழுதேவிட்டார், கேப்டன் ஓடி வந்து இவளைக் கட்டிக்கொண்டாள், "போர்டு அக்கா, அப்படியே வைங்க, மாத்திடாதீங்க, போட்டோ எடுக்கணும்! பயமுறுத்திட்டீங்களே அக்கா, கை தவறிடுச்சா?" ஆமாம்டி, கை தவறிடுச்சு, பழக்க தோஷம் என்றாள், போர்டுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். டீம் பிழைத்தது. அடுத்த வருஷமும் உண்டு, அதற்கடுத்த வருஷமும் இருக்கலாம், சந்தோஷம்தான், யார் இல்லை என்றது, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கைதான் தவறியது. கை மட்டும்தானா?

நாலாவது செட் ஆரம்பித்தது. பிள்ளைகள் இன்னும் கொண்டாட்டத்திலிருந்து இறங்கவில்லை, முதல் பந்தே காலடியில் விழுந்தது. விசில். வலது பக்கம் ஒன்று. அட்டை சத்தமில்லாமல், ஒட்டாமல், வெண்ணெய் மாதிரி திரும்பியது, இரண்டு, மூன்று, உள்ளங்கை காய்ந்துவிட்டது, அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, வந்த மூச்சைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள். எதற்கு இந்த அப்பாடா? தோற்றபோதெல்லாம் விடாமல் வந்தவள்… இவர்கள் நிஜமாகவே ஜெயிக்க ஆரம்பித்தால் வருவேனா? அந்தப் பக்கம் ஒட்டடைக்குச்சி குனிந்து முட்டியில் கைவைத்து, போர்டைப் பார்த்து, அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று பார்த்து, பல் தெரியச் சிரித்தாள். இவளும் தலையாட்டினாள். விசில் கேட்டது. யாருக்குப் பாயிண்ட் என்று ரெஃப்ரியின் கையைப் பார்ப்பதற்கு முன்னால், தன் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள்.