கேஸ் தின்னும் டிரம்

என் தம்பியை வீட்டில் எல்லோரும் கேஸ்காரன் என்றுதான் கூப்பிடுவோம். தானியக் கிடங்கின் கதவை அடைத்து, உள்ளே விஷ வாயுவை விட்டு, மூட்டைகளில் இருக்கும் பூச்சிகளைக் கொல்வது அவன் வேலை. நான் ஆய்வுக்கூடத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைச் சீராட்டி வளர்ப்பவள். ஒரே வயிற்றில் பிறந்து இப்படியும் இரண்டு பேரா என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

பூச்சி செத்த பிறகு அந்த வாயுவை என்ன செய்வது? விசிறியைப் போட்டுப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளுவார்கள், அவ்வளவுதான். மற்றதைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்று அவனுக்கு நினைப்பு. கிடங்கின் பின்சுவரை ஒட்டித்தான் அவன் வீடு. அவன் மனைவி பள்ளியில் வேதியியல் சொல்லித்தருபவள். வயிற்றில் பிள்ளையோடு பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே வாயு இல்லை என்று, வாயு அளக்கும் மீட்டரைத் தன் கையில் பிடித்துப் பார்த்தால்தான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டாள். தம்பி முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அவன் மேல் ஆத்திரம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

புகைபோக்கியின் கீழே நின்றபோது எனக்கு ஒரு யோசனை தட்டியது. இத்தனை வருடமாக இந்த மண்ணும் அந்த வாயுவைத்தானே குடித்துக்கொண்டிருக்கிறது? இதற்குள் யாராவது அதையே சாப்பிட்டுப் பிழைக்கப் பழகியிருந்தால்? ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு போனேன். ஒரு பாட்டிலில் அந்த மண்ணும் வாயுவும். இன்னொன்றில் அதே மண்ணைக் கொதிக்கவைத்துப் போட்டு, அதே அளவு வாயு. கொதித்த மண்ணில் வாயு அப்படியே இருந்தது. கொதிக்காத மண்ணிலோ நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் காணவே காணோம். தின்றது உயிருள்ள ஏதோ ஒன்றுதான். அன்று எனக்குச் சாப்பிடவே தோன்றவில்லை.

அந்தக் கிருமிகளைப் பெருக்கி, ஈர மரத்தூளும் மக்கிய இலையும் நிரப்பிய பெரிய டிரம்மில் குடியேற்றினேன். இனிக் கிடங்கு வாயு புகைபோக்கிக்குப் போகாது. குழாய் வழியாக டிரம்முக்குள் புகுந்து, உள்ளே இருப்பவர்களுக்கு விருந்தாகி, மறுபுறம் வெறும் காற்றாக வெளிவர வேண்டும். முதல் முறை அப்படியே வந்தது. மீட்டர் அசையவில்லை. தம்பி டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

அடுத்த முறை மீட்டர் எகிறியது. பம்பை உடனே நிறுத்தினேன். ஈரம் குறைந்துவிட்டதா? சரியாகவே இருந்தது. சூடு கூடியதா? அதுவும் இல்லை. பட்டினியா? இவ்வளவு சீக்கிரமாகவா? முகமூடியைப் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்து கிளறினேன். மரத்தூளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பொடி. எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. தம்பியைக் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"உள்ள குட்டிக் குட்டியா பூச்சி ஓடிச்சுக்கா. நீ ஆசையா வளக்கறத அதுங்க தின்னுடுமோன்னு மாத்திரை போட்டு மூடிட்டேன்."

பூச்சி மாத்திரை. ஈரம் பட்டால் வேறொரு விஷத்தைக் கக்கிவிட்டுச் சாம்பலாகிவிடும்; அது என் கிருமிகளுக்குச் சாப்பாடு அல்ல, எமன். உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். மக்கிய இலை என்றால் பூச்சி இருக்கத்தான் செய்யும், இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். பூச்சியைப் பார்த்துவிட்டுச் சும்மா போவதா என்று கேட்டான். நிஜமாகவே அது அவனுக்குப் புரியவில்லை. திட்டி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கிருமிகள் செத்தனவா, மயங்கித்தான் கிடக்கின்றனவா என்று பார்க்க ஒரு சிட்டிகை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆய்வுக்கூடத்தில் மீதி இருந்ததைக் கொண்டு டிரம்மைப் புதிதாக நிரப்பினோம்.

மீட்டர் மறுபடி அசையாததும் தம்பி மனைவியை அழைத்தான். அவள் வந்த காலையில், அவன் கிடங்கு வேலையை முடித்த கையோடு ஓடி வந்தான். அவள் பையைத் தெருவிலேயே வைத்துவிட்டு மீட்டரை வாங்கினாள். டிரம்மின் வெளிவாயில் பிடித்தாள்: பூஜ்யம். சுவரோரம், ஜன்னலோரம்: பூஜ்யம். நான் மார்தட்டிக்கொள்ளத் தயாரானேன். ஆசையோடு பக்கத்தில் வந்த புருஷன் மேல் மீட்டரை நீட்டினாள். எண் ஏறியது.

நானும் குனிந்து பார்த்தேன். சட்டையில் கொஞ்சம். பெல்ட்டில் அதைவிட அதிகம். தோல் ஷூவுக்குப் பக்கத்தில் மீட்டர் கத்தவே ஆரம்பித்துவிட்டது. தோல் வாயுவை இழுத்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வெளியே விடும். அந்த ஷூவை அவன் தினமும் கழற்றி வைப்பது கட்டிலுக்கு அடியில்.

"வெளிய இருந்து வந்தது கொஞ்சம்தான் அண்ணி. மீதிய இவரே தூக்கிட்டு வந்திருக்கார்." அவள் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தாள். "நான் அதுமேலதான் தூங்கிட்டிருந்திருக்கேன்."

வெறும் உடம்போடு வாசலில் நிற்கக்கூடக் கூச்சப்படுகிற தம்பி, நடுத்தெருவில் ஷூவைக் கழற்றினான், பெல்ட்டை உருவினான், சட்டையை அவிழ்த்துத் தூர எறிந்தான். ஒரு கையால் பேண்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். அவள் மீட்டரை அவன் கழுத்தருகே, நெஞ்சருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கிடங்குலயே குளிச்சிட்டு வேற துணியில வாங்க," என்றாள். "நானும் அண்ணியும் உள்ள போய் ஜன்னலத் திறந்து வைக்கறோம்."

அவன் பேண்டைப் பிடித்தபடியே, வெறுங்காலோடு கிடங்கை நோக்கி ஓடினான்.