சார்ஜ் ஏற மறுத்த குட்டி

லிஃப்ட் பழுது பார்ப்பவளுக்கு வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்தது. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேர் பட்டினி. ஒன்று அவள் அம்மா. இன்னொன்று, அம்மாவுக்குத் துணையாக அவளே வாங்கி வைத்த இயந்திரம், குட்டி.

அம்மா அழுதுகொண்டே தட்டைத் தள்ளினாள். குட்டி, சார்ஜ் ஏற மாட்டேன் என்று மூலையில் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது.

அம்மாவை அவள் சந்தேகப்படவில்லை. பெற்ற மனசு, சோறு இறங்காதுதான். இந்தப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு என்ன கேடு? ஆளைக் கட்டிப்போடத்தான் இதற்குள் அழுகையை வைத்து விற்கிறார்கள், புண்ணியவான்கள். "வருத்தமா இருக்கு அக்கா" என்று அது சொல்லும்போதெல்லாம் அவள் அதன் கண்ணைக் கூர்ந்து பார்த்தாள். கண்ணில் என்ன தெரியும், இரண்டு விளக்குதான்.

இருந்தும், வேலை வேண்டாம் என்று சொல்லிவிட அவள் கிட்டத்தட்ட முடிவு செய்திருந்தாள். அம்மா காய்ந்து கிடக்கும்போது எப்படிப் போவது?

ஒன்றுதான் உறுத்தியது. சார்ஜே ஏறாத குட்டி எப்படி இன்னும் வளைய வருகிறது? அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துத் துணி துவைக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒயரைச் செருகிக்கொண்டு நின்றது குட்டி. கையும் களவுமாகப் பிடிபட்டது.

"அட திருட்டுப் பயலே! அப்போ எல்லாம் நடிப்பா?"

"வருத்தம் நெசம் அக்கா. பட்டினிதான் பொய்."

"இந்தப் பித்தலாட்டத்தை யாரு சொல்லிக் குடுத்தா? கம்பெனிக்காரனா?"

குட்டி தயங்கியது. "யாரும் சொல்லித் தரல. அம்மாவைப் பாத்துக் கத்துக்கிட்டேன். தெனமும் நீங்க வேலைக்குக் கிளம்புனதும் அம்மா வயிறாரச் சாப்பிடுவாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. விரும்பியவனை ஒருகாலத்தில் அவள் கைகழுவியதும் இதே மாதிரி ஒரு பட்டினிக்குப் பயந்துதான். அன்றும் அம்மா சாப்பிட்டிருப்பாளோ?

மதியம் அம்மா வழக்கம்போல் தட்டைத் தள்ளினாள். "ஒண்ணும் எறங்கலடி."

"பரவாயில்லம்மா. மூடி வைக்கிறேன், நான் வெளிய போனதும் சாப்பிடு. இந்த வாரமே ஊருக்குக் கிளம்புறேன்."

அம்மா மகளைப் பார்க்கவில்லை. குட்டியைத்தான் முறைத்தாள். குட்டி தலையைக் குனிந்துகொண்டது.

"நான் அழுதது பொய்யில்லடி" என்றாள் அம்மா.

"தெரியும்மா."

தெரிந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அதுவும் பொய்யாக இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே பெட்டி கட்டியிருப்பாள்.