சேர்ந்து வாழ்தல் என்ற கட்டம்

1

இந்தக் கதை எனக்கு மணித்தியாலக் கூலியோடு கிடைத்தது. 1986 ஒக்ரோபரில், டென்மார்க்கின் பிராண்டே என்ற ஊரில் ஒரு தமிழ் வீட்டுக்கு மொழிபெயர்க்கப் போனேன். முதல் வரைவில் மொழிபெயர்ப்பாளனுக்கு மகேந்திரராசா என்று பெயர் வைத்து, மூக்குக்கண்ணாடியும் மாட்டிவிட்டிருந்தேன். (கோழைத்தனம். அது நான்தான். எனக்குக் கண்ணாடி கிடையாது.)

2

தொடக்கம், மூன்றாம் முறை:

அருமைநாயகி கோப்பியை ஊற்றிவிட்டு உட்காராமலே நின்றாள். அவளுடைய கணவர் பஸ்தியாம்பிள்ளை பதினேழு வருடங்களுக்கு முன் கப்பலிலிருந்து இறங்கி, இந்த ஊர் நெசவாலையில் சேர்ந்தவர். ஓகஸ்டில் பாரிசவாதம் அவருடைய வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. இனிப் பராமரிப்பு இல்லத்தில்தான் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்கான கட்டணத்தைத் தீர்மானிக்க, இருவருக்கும் என்ன இருக்கிறதென்று பார்க்க வந்திருந்தாள் நகரசபை அலுவலர் எமிலியா.

இருவர் பெயரிலும் வீடு. ஒரு சேமிப்புப் புத்தகம். பழைய கார். கேட்காமலே அருமைநாயகி வளையல்களைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம்!" என்று எமிலியா பதறினாள். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

3

எமிலியா நிரப்பிய படிவத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள். 'சேர்ந்து வாழ்கிறோம்.' 'சேர்ந்து வாழ்வது முடிந்துவிட்டது.'

இரண்டாவதில் புள்ளடியிட்டால் மனைவியின் சம்பளத்தைத் தொடமாட்டார்கள் என்றாள் எமிலியா. முதலாவதென்றால் இருவருடையதும் ஒன்றாகக் கணக்காகும்; வீட்டை வைத்திருக்க முடியாது.

"என்னவாம், தம்பி?"

"அவர் இனி அங்கை, நீங்கள் இஞ்சை எண்டு எழுதவேணுமாம் அக்கா. எழுதினால்தான் வீடு மிஞ்சும். அவ்வளவுதான்."

"அது உண்மைதானே." கையெழுத்திட்டாள்.

(இங்கே என்னை நியாயப்படுத்தி ஒரு பத்தி இருந்தது. 'அவள் கழற்றிவைத்த வளையல்களைக் கண்டதால்தான் நான் அந்தச் சொற்களை மென்மையாக்கி…' அடித்துவிட்டேன்.)

4

மூன்று வாரத்தில் நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. அருமைநாயகி வேலை செய்யும் தையலாலையில் பக்கத்து இயந்திரத்தில் இருக்கும் தமிழ்ப் பெண் ரூத், டேனிஷ் மொழியை நன்றாக வாசிப்பவள். இரண்டு தரம் வாசித்தாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து வாழுறது முடிஞ்சுதாம் அக்கா. நீங்களே கையெழுத்து வைச்சிருக்கிறியள்."

அருமைநாயகி அரைநாள் லீவு போட்டு பஸ் பிடித்தாள். இல்லத்தில் அவருடைய கட்டிலோரம் இருந்து, உணர்வில்லை என்று சொல்லப்பட்ட வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, வீட்டுக்காகத்தான் வைச்சனான். அதிலை என்ன எழுதியிருந்ததெண்டு எனக்குத் தெரியாது. அந்தத் தம்பி சொல்லேல்லை."

இரண்டு மாதமாக அசையாத கை, மெல்ல மடங்கி, அவள் மடியிலிருந்து விலகிப் போனது.

5

(வேறொரு முடிவு: கை அவளுடைய கையைப் பற்றுகிறது. எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. அடித்துவிட்டேன். ஒருமுறை மென்மையாக்கியது போதும்.)

கிறிஸ்மஸுக்கு முதல் வாரம் அவர் இறந்துபோனார். வீடு அவளுக்கு மிஞ்சியது.

இல்லத்திலிருந்து அவருடைய உடுப்புகளை எடுக்கப் போகும்போது என்னையும் வரச்சொன்னாள். திட்டுவாள் என்றுதான் போனேன். திட்டவில்லை. தாதியைக் காட்டினாள்.

"அண்டைக்கு அந்தக் கையை அவர் இழுத்தவரோ, தானாப் போனதோ? கேளுங்கோ."

கேட்டேன். இந்த நோயில் தசை இறுகும்போது கை தானாக மடங்கும் என்றாள் தாதி. நாங்கள் உடுப்பு மாற்றும்போதும் அப்படித்தான், அவர் வேண்டுமென்று செய்ததில்லை என்றாள். நான் தமிழில் சொன்னேன்.

அருமைநாயகி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ அப்பிடித்தான் சொன்னவவோ, தம்பி?"

"ஓம் அக்கா. அப்பிடியேதான்."

அவள் சேட்டுகளை மடிக்கத் தொடங்கினாள். கொலர்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

அன்று நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் நம்பினாளா என்று என்னால் எழுத முடியவில்லை. நீங்கள் நம்புகிறீர்களா?