முழங்கால் தண்ணீர்

கப்பலில் எத்தனை மணிக்கு ஏறுவது என்று ஒரு வீட்டில் இவ்வளவு சண்டை நடக்குமா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது. ஆரம்பித்து வைத்தவர் என் நாத்தனார், முடித்து வைத்தவள் நான்.

இரண்டே ராத்திரி சொகுசுக் கப்பல் பயணம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அக்கா, அக்காவின் மகள். டிக்கெட் போட்டதெல்லாம் மகள்தான். ஏறும் நேரத்தை நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள் கப்பல்காரர்கள். முதல் நேரம் பதினொன்றரை, கடைசி நேரம் மூன்று.

“மூணு மணிதான் சரி,” என்றார் நாத்தனார். “ரூமே ரெண்டு மணிக்கு மேலதான் திறப்பாங்களாம். அதுக்கு முன்னாடி போயி பையும் கையுமா எங்க நிக்கறது?”

“அக்கா சொல்றது வாஸ்தவம்தான்,” என்றார் என் வீட்டுக்காரர். அக்கா சொல்வது அவருக்கு என்றைக்கு வாஸ்தவமில்லாமல் இருந்திருக்கிறது?

எனக்கோ பதினொன்றரைதான் வேண்டும். காரணத்தைச் சொன்னால் காரியம் கெட்டுவிடும்.

கல்யாணமான புதிதில் குடும்பத்தோடு ஒரு ஏரிக்குப் போயிருந்தோம். கால் வழுக்கி விழுந்தேன். மார்பளவு தண்ணீர். இரண்டு பேர் தூக்கிக் கரையில் போட்டார்கள். அன்றிலிருந்து நாலு பேர் கூடினால் போதும், நாத்தனார் அந்தக் கதையை எடுத்துவிடுவார். அவர் சொல்லச் சொல்லத் தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. மார்பளவு இடுப்பளவாகி, இடுப்பளவு முழங்காலளவாகி, “முழங்கால் தண்ணியில முங்கினவ” என்று எனக்குப் பெயரே வைத்தாயிற்று. இன்னும் கொஞ்ச நாள் போனால் வாளித் தண்ணீரில் விழுந்தவளாகியிருப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் யாரிடமும் சொல்லாமல் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் நடைப்பயிற்சி என்று சொல்லியிருந்தேன். என் தலையில் அடித்த குளோரின் வாடையைப் புது ஷாம்பு என்று நம்பினார் என் வீட்டுக்காரர். குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீந்த வந்துவிட்டது. ஒரே குறை, பக்கத்தில் யாராவது கால் உதைத்து முகத்தில் தண்ணீர் அடித்தால் அந்த ஏரி ஞாபகம் வந்து உடம்பு விறைத்துவிடும். கப்பலின் மேல்தளத்தில் நீச்சல் குளம் உண்டு, அதில் இவர்களுக்கு நீந்திக் காட்ட எனக்கு ஆளில்லாத நேரம் வேண்டும்.

அதே கப்பலில் போய்வந்த ஒருத்தி என் தையல் கடைக்குப் பாவாடை சுருக்க வந்தாள், அவள் வாயைக் கிளறியதில் விஷயம் கிடைத்தது. கப்பல் கிளம்பிவிட்டால் குளத்துத் தண்ணீரும் சேர்ந்து ஆடுமாம், கூட்டத்தில் கால் வைக்க இடமிருக்காதாம். ஆனால் முதலில் ஏறுகிறவர்களுக்குக் குளம் காலியாகக் கிடக்குமாம். எல்லோருடைய நீச்சல் உடையும் கப்பல்காரர்கள் வாங்கிக்கொண்ட பெட்டிக்குள் இருக்கும், பெட்டி அறைக்கு வரச் சாயங்காலமாகும்.

“பதினொன்னரை,” என்றேன். “இல்லைன்னா என் டிக்கெட்டை ரத்து பண்ணிடுங்க.”

மகளின் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தார்.

“என்னடி இது, புதுசா பிடிவாதம்?” என்றார் நாத்தனார்.

“ஆமா அண்ணி, புதுசுதான்.”

மகள் என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பதினொன்றரையை அழுத்திவிட்டாள்.

பயண நாளன்று என் கைப்பையில் ஒரு துண்டு. உடைக்குள்ளே, மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை நானே தைத்த நீச்சல் உடை.

கப்பலில் நாத்தனார் சொன்னபடியேதான் நடந்தது. அறைகள் திறக்கவில்லை, சாப்பாட்டுக் கூடத்தில் நெரிசல். “நான் அப்பவே சொன்னேன்,” என்று அவர் ஆரம்பித்ததும் நான் நைசாக நழுவி மேல்தளத்துக்கு ஏறினேன்.

குளம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அதன்மேல் வலை கட்டியிருந்தது.

“எப்ப திறப்பீங்க?” என்று அங்கே நின்ற ஊழியரைக் கேட்டேன்.

“பன்னெண்டுக்கு எடுத்துடுவோம்மா. உக்காருங்க.”

உட்கார்ந்தேன். கூடத்தில் இடம் கிடைக்காத என் குடும்பம், தட்டும் கையுமாக நேரே அங்கே வந்து சேர்ந்தது. தனியாக நீந்திப் பார்த்துவிட்டுப் பிறகு கூப்பிட்டுக் காட்டலாம் என்று போட்டிருந்த திட்டம் தவிடுபொடி.

வலை விலகியது. இஸ்திரி போட்ட துணி மாதிரி, தண்ணீரில் ஒரு சுருக்கமில்லை. மேலுடையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.

“என்ன பண்றே நீ?” என்றார் வீட்டுக்காரர்.

நாத்தனார் நிஜமாகவே பயந்துபோனார். “ஏய், அது முழங்கால் தண்ணி இல்லை. ஆழம்.”

“தெரியும் அண்ணி,” என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

சுவரை உதைத்துக் கிளம்பினேன். மூச்சுக்காக முகத்தைத் திருப்பும்போதெல்லாம் கரையில் என் வீட்டுக்காரர் தட்டோடு கூடவே நடந்து வருவது தெரிந்தது. அவருக்கு நீச்சல் தெரியாது. நான் முங்கியிருந்தால் தட்டோடு குதித்திருப்பார். பாதி வழியில் மூச்சு வாங்கியது, கால் தரையைத் தேடியது. தேடாதே என்று காலை அதட்டினேன். எதிர்ச்சுவர் கையில் தட்டுப்பட்டது.

என் வாழ்க்கையில் என்னை நினைத்து நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

மகள் கைதட்டினாள். “அத்தை, என் டிரெஸ் பெட்டியில மாட்டிக்கிச்சே,” என்று புலம்பினாள். வீட்டுக்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் குளத்தின் விளிம்புவரை வந்து எட்டிப் பார்த்தார்.

“திரும்பி வருவியா, இல்ல அங்கேயே நிப்பியா?” என்றார்.

திரும்பியும் நீந்தியே வந்தேன்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாதவர்களிடம் நாத்தனார் கதை சொல்லிக்கொண்டிருந்தார். “குளம் காலியா இருக்கும்போதே போயிடணும்னு நான்தான் எல்லாரையும் சீக்கிரம் கிளப்பிட்டு வந்தேன். எங்க தம்பி பொண்டாட்டி, பத்தடி ஆழம், அசால்ட்டா போயிட்டு வர்றா.”

சூப் வந்தபோது பத்தடியாக இருந்த தண்ணீர், ஐஸ்கிரீம் வருவதற்குள் பதினைந்தடி ஆகியிருந்தது. குளத்துச் சுவரில் ஐந்தடி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததைச் சொல்ல என் வீட்டுக்காரர் வாயெடுத்தார். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.