துரை நின்ற ஆறு தேர்தல்கள்

ஓட்டுப் போடப் போகிற நாளில் ஒரு பழைய இங்கிலீஷ் பேப்பரை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார் மரியகுழந்தை. தேர்தல் 1967ஆம் வருஷத்தது. பேப்பர் 1931ஆம் வருஷத்தது. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், வெள்ளைக்காரர்களின் கிளப்பில் முப்பத்தைந்து வருஷம் பட்லராக இருந்தவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால் அந்தப் பேப்பரைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அவர் ஆசைப்பட்ட லூயிசா, பத்தொன்பது வயதில் ஓர் இன்ஜினியர் துரையின் பங்களாவில் வேலை செய்தாள். வேலை மட்டும்தான் என்று சுரங்கக் கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் யாரும் நம்பவில்லை. அவளும் நம்பவைக்க முயலவில்லை. சீமைக்குத் திரும்பும்போது துரை, பார்லிமென்ட் தேர்தலில் நிற்கப்போவதாகவும் ஜெயித்ததும் அவளைக் கூப்பிட்டுக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். போகிறவன் ஆயிரம் சொல்வான். அவள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

கப்பலில் வரும் லண்டன் பேப்பரைத் துரைமார்கள் படித்து முடித்தால், பழசு பட்லருக்கு. லூயிசாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மரியகுழந்தைதான் விரல் வைத்துப் படித்துச் சொல்வார். 1922இல் தோல்வி. மறு வருஷமும் தோல்வி, அதற்கடுத்த வருஷமும், இருபத்தொன்பதிலும். ஒவ்வொரு தடவையும் அவள் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அடுத்த தேர்தலுக்குக் காத்திருந்தாள்.

முப்பத்தொன்றில் துரை ஜெயித்துவிட்டார். பேப்பர் இன்னும் வரவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு, மரியகுழந்தை நாலு மாசம் தபால்காரரின் முகத்தையே பார்த்தார். அவளைக் கூப்பிட்டுத் துரையின் கடிதம் வரவில்லை. இனி வராது என்று தெரிந்ததும், "இந்த வாட்டியும் தோத்துட்டாரு" என்று சொல்லிவிட்டார். அவள் மனசு உடையக் கூடாதே என்றுதான். முப்பத்தைந்தில் துரை நிஜமாகவே தோற்று, நிற்பதையே விட்டார். அதற்கப்புறம் மரியகுழந்தை தயங்கித் தயங்கிப் பெண் கேட்டபோது, "பாவம், ஒரு வாட்டி ஜெயிச்சிருந்தா கூப்ட்டிருப்பாரு பட்லரே" என்றாள் லூயிசா. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை.

இப்போது அவருக்கு அறுபத்தெட்டு. இருக்கிற கொஞ்ச காலத்துக்காவது அவள் கையால் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும் என்று ஏக்கமாக இருந்தது. உண்மை தெரிந்தால் துரையை வெறுப்பாள், பிறகு தன் பக்கம் திரும்புவாள் என்று கணக்குப் போட்டிருந்தார். ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்து வாசலில் அவளை நிறுத்தினார்.

"லூயிசா, முப்பத்தொண்ணுல துரை ஜெயிச்சாரு. நான்தான் பொய் சொன்னேன்." பேப்பரை விரித்துப் பெயரைக் காட்டினார். "ஜெயிச்சும் உன்னெ கூப்புடலே."

அவள் அந்த எழுத்துகளை விரலால் தடவினாள். அழப்போகிறாள் என்று நினைத்து, தோளைத் தொடக் கையை நீட்டினார்.

"எத்தினி ஓட்டுல?"

"நாலாயிரம்."

"அம்மாடி!" அறுபத்தைந்து வயது முகத்தில் பத்தொன்பது வயது வந்து உட்கார்ந்தது. "நான் ஏத்துன மெழுகுவத்தி வீணாப் போவலே பட்லரே!"

"கூப்புடலியே லூயிசா."

"பார்லிமென்ட்டு வேலைன்னா இன்னா சும்மாவா? தலைக்கு மேல இருந்திருக்கும்."

பேப்பரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பெண்கள் வரிசைக்குப் போய்விட்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மரியகுழந்தை ஆண்கள் வரிசையில் போய் நின்றார். அந்தப் பக்கம், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் லூயிசா சிரித்துச் சிரித்து அந்தப் பேப்பரைக் காட்டிக்கொண்டிருந்தாள், தலைகீழாகப் பிடித்தபடி.