சிப்புக்குள் விழுந்த பஞ்சு

இராஜபாளையம் மில்லில் மின்னல் இறங்கிய அன்றைக்கு நூல் சுற்றும் கோன் மெஷின் நின்றதுதான், பிறகு அசையவே இல்லை. அதை ஆட்டி வைத்த எலக்ட்ரானிக் சிப்பு ஓரத்தில் கருகியிருந்தது. செய்த கம்பெனியோ அந்த மாடலைத் தலைமுழுகி வெகுகாலம் ஆயிற்று. முதலாளி ஐயாதுரை பழைய இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். மெஷின் போனால் அதை ஓட்டும் பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்களில் ஒருத்தி பொன்மணி.

பொன்மணியின் நாத்தனார் பாண்டிசெல்விக்கு அது பொறுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து அவள் ஒரு மென்பொருள் எழுதி வைத்திருந்தாள். சிப்பின் உள்படத்தைக் கொடுத்தால் போதும், எந்தக் கம்பி எதோடு சேர்கிறது என்று பார்த்து முழுச் சர்க்யூட்டையும் வரைந்து தந்துவிடும். அதை ஒரு வெற்றுச் சிப்பில் ஏற்றிப் பழையதன் இடத்தில் பொருத்திவிடலாம்.

"ஓட வைக்கிறது என் பொறுப்பு, மொதலாளி" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஆழம் தெரியாமல் காலை விடுவது அவளுக்குப் பிறவிக் குணம்.

மில்லின் டெஸ்டிங் ரூமிலேயே மைக்ரோஸ்கோப்பை வைத்தாள். சிப்பு என்பது அடுக்கடுக்கான சமாச்சாரம். மேலடுக்கைப் படம் எடுத்து, அதைத் தேய்த்து அழித்துவிட்டுத்தான் அடுத்த அடுக்கைப் பார்க்க முடியும். தேய்த்தது தேய்த்ததுதான். கடைசியில் சிப்பு போய், படங்கள் மட்டும் மிஞ்சின.

படங்களை மென்பொருளுக்குள் விட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அது வரைந்து தந்த சர்க்யூட்டில் கரண்டுக் கம்பியும் எர்த் கம்பியும் கண்ட இடத்தில் எல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றன. அப்படி ஒரு சிப்பு கண் திறக்கும் முன்பே செத்திருக்கும்.

"இம்புட்டுத்தானா தாயி உன் புரோகிராமு?" என்றார் ஐயாதுரை. "நாளைக்கு இரும்புக்காரர் லாரி வருது."

பாண்டிசெல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்த ஒரு சிப்பையும் தானே அழித்துவிட்டோமே!

"ஏட்டி, சாப்புட்டுட்டு அழு" என்று பொன்மணி டிபன் டப்பாவைத் திறந்து வைத்தாள். அவள் தலையிலிருந்து ஒரு பஞ்சு இழை மிதந்து வந்து மோர்ச்சோற்றில் நெளிந்து படுத்தது.

பாண்டிசெல்வி சோற்றைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சிப்பில் கம்பி போடுகிறவன் ஸ்கேல் வைத்ததுபோல நேராகப் போவான், மூலை வெட்டித் திரும்புவான். இங்கே குறுக்கே கிடந்ததெல்லாம் புழுவாக நெளிந்தது. மில்லுக்குள் படம் எடுத்தால் மில்லின் பஞ்சும் படத்தில் விழத்தானே செய்யும்! மென்பொருள், பாவம், அதையும் கம்பி என்று நம்பிவிட்டது.

"சோறு இருக்கட்டும் மதினி!"

நெளிந்தால் கம்பி இல்லை, தூக்கிப் போடு. இழைக்கு இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் கம்பி தெரிந்தால் அடியிலும் கம்பிதான், சேர்த்துவிடு. இவ்வளவுதான் அவள் புதிதாக எழுதியது. மறுபடி ஓட விட்டதும் கரண்டும் எர்த்தும் மரியாதையாக விலகி நின்றன.

மறுநாள் லாரி வாசலில் வந்து நின்றபோது அவள் புதுச் சிப்பில் சர்க்யூட்டை ஏற்றிப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொன்மணி பட்டனை அமுக்கினாள். மெஷின் ஒரு தரம் செருமியது. அடுத்த நொடி அத்தனை கோனும் சுற்றத் தொடங்கின. பொன்மணி போட்ட குலவையில் மற்றப் பெண்களும் சேர்ந்துகொள்ள, மெஷின் சத்தமே அமுங்கிப்போனது.

"லாரிக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்புங்கலே!" என்று கத்தினார் ஐயாதுரை. சிரிப்பை அவரால் அடக்க முடியவில்லை.

பறந்து வந்த பஞ்சு பாண்டிசெல்வியின் லேப்டாப்பில் இறங்கியது. பொன்மணி பதறிப்போய்த் துடைக்க வந்தாள்.

"விடுங்க மதினி," என்றாள் பாண்டிசெல்வி. "இனி எம்புட்டு வேணும்னாலும் விழட்டும்."